படத்துக்கு ஒரு வயசு, பட்டுக்கு ஒரு வயசு
காஞ்சிப் பட்டென்றால் ஜரிகையை உரசிப் பார்க்கிற ஆட்கள் நாம். ஹெர்மெஸ் ஸ்கார்ஃபை எப்படிப் பார்ப்பது?

பாரிஸில் 1937-இல் வந்தது இந்தப் பட்டுச் சதுரம். வழக்கமான அளவு 90 செ.மீ. ஓரத்தைக் கையால் சுருட்டித் தைத்திருப்பார்கள். சுருட்டல் முகப்புப் பக்கம் இருக்கும். மட்டமான போலியில் மெஷின் தையல்.

வயசில்தான் பலர் ஏமாறுவது. ஹ்யூகோ க்ரிக்காரின் கடிவாளப் படம் ‘பிரீட் த காலா’ 1957-இல் வந்தது. பிறகும் பலமுறை அச்சிட்டார்கள். ஆக, 1957 படத்தின் வயசு. உங்கள் கையிலிருக்கும் பட்டின் வயசல்ல. அதற்கு வாங்கிய பில்லோ, தேதி போட்ட பழைய போட்டோவோ வேண்டும்.

பெங்களூர் அலமாரியில் அம்மாவின் கூறைப்புடவையோடு நானும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: கடை, வருஷம். அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. நீங்களும் கேட்டு எழுதி வையுங்கள்.