மேற்கோளும் மணிமுடியும்

ஒரே மனிதன் எழுதிய ஏடுகள். ஒரு கை அவற்றிலே விடுதலையைத் தேடிற்று. மற்றொரு கை வெட்டரிவாளைத் தேடிற்று. இரண்டுக்கும் கிடைத்தது! இது கற்பனையன்று, ஜெர்மனியின் வரலாறு.

1517ஆம் ஆண்டு விட்டன்பெர்க் நகரிலே, பாவமன்னிப்புச் சீட்டு விற்ற புனித வாணிபத்தை எதிர்த்து 95 கருத்துரைகளை வெளியிட்டார் மார்ட்டின் லூதர். போப்பின் பீடம் அதிர்ந்தது. 1520இல் கிறிஸ்தவனின் விடுதலை குறித்து நூலொன்று எழுதினார். அவர் பேசியது ஆன்ம விடுதலையை. உழுது உழுது ஓடாய்த் தேய்ந்தவன் காதிலோ, அது விலங்கு ஒடியும் ஓசையாக விழுந்தது.

1525 மார்ச்சில் மெம்மிங்கன் நகரிலே உழவர்கள் 12 கோரிக்கைகளை வகுத்தனர். போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும். கோரியவற்றுள் எதுவேனும் வேதத்துக்கு மாறென்று காட்டினால் அதனைக் கைவிடுவோம் என்றனர். எவ்வளவு பணிவு! எவ்வளவு நம்பிக்கை!

லூதர் முதலிலே இரு சாராரையும் கண்டித்தார். கலகத்துக்குக் காரணம் பிரபுக்களின் கொடுமையே என்றும் இடித்துரைத்தார். கலவரம் பரவியதும், கிளர்ந்தெழுந்த உழவரை வெட்டி வீழ்த்துக என எழுதினார். மே 15ஆம் நாள் பிராங்கன்ஹவுசன் களத்திலே ஆயிரக்கணக்கான உழவர் மாண்டனர். ஆன்மாவின்மீது அரசனுக்கு ஆட்சியில்லை என்று 1523இல் எழுதியவரும் இதே லூதர்தான். ஆனால் அரியணைகளுக்கு இனித்தது எது? கீழ்ப்படி என்ற உபதேசமே!

யூதர்பால் பரிவு காட்டச் சொல்லி 1523இல் ஓர் ஏடு எழுதினார். 1543இலோ, அவர்தம் தொழுகைக் கூடங்களைக் கொளுத்தச் சொல்லி மற்றோர் ஏடு. 1938 நவம்பரில் நாஜிகள் அக்கூடங்களை எரித்தபோது, துரிஞ்சியா மாநிலத் திருச்சபையின் தலைவர் மார்ட்டின் சாசே எந்த ஏட்டைத் தேடினார்? இரண்டாவதை! அதிலிருந்து துணுக்குகளைத் திரட்டி வெளியிட்டார். லூதரின் பிறந்த நாளான நவம்பர் 10இலே கூடங்கள் எரிவதைப் பெருமையாகவும் குறித்தார். முதலாவது ஏடு மூலையிலே தூங்கிற்று.

உழவரைக் காட்டிக் கொடுத்தவரென்று லூதரை முன்பு தூற்றிய அன்றைய கிழக்கு ஜெர்மனி அரசும், 1983இல் அவருடைய 500ஆவது பிறந்த நாளுக்கு விழா எடுத்தது. ஆட்சிக்கு வேண்டும்போது துரோகியும் பெரியாராவார்!

“உண்மையான லூதர் வேறு, கயவர்கள் திரித்துவிட்டனர்” என்று சிலர் வாதிடுவர். அதுவும் ஓர் வெட்டுதான், தோழர்களே! கொளுத்தச் சொன்ன வரியை நாஜிகள் புனையவில்லை. அவர் கையெழுத்தே அது. அன்பு பேசிய வரியும் அவருடையதே. பொறுக்குவோன் குற்றவாளி, பொறுக்குவதற்கு நஞ்சை விட்டுச் சென்றவரும் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது.

ஆகவே மகான் சொன்னார் என்று எவரேனும் மேடையிலே முழங்கினால், எந்த ஏட்டில், எந்த ஆண்டில், யாரை நோக்கி என்று கேளுங்கள். எந்த வரியை மறைத்தார் என்று தேடுங்கள். பின்னர், சொன்னவர் யாராயினும், சொன்னது நீதியா என்று கேளுங்கள். மெம்மிங்கன் உழவர் வேதத்தின் தீர்ப்புக்குக் காத்திருந்தனர், வந்ததோ வாள். நம் வழக்குக்கு நீதிமன்றம் நம் அறிவே!