சர்வர்வழிப் பக்கப் பகுப்பு

இணைய ஏபிஐ தன் தரவு முழுவதையும் ஒரே தடவையில் கொட்டாமல் பகுதி பகுதியாக அனுப்பும் முறை. தமிழ் விக்கிப்பீடியாவின் ஏபிஐயிடம் ஒரு பகுப்பிலுள்ள (category) பக்கங்களைக் கேட்டால், அளவு சொல்லாதபோது 10 தலைப்புகள் வரும். சாதாரணப் பயனருக்கு உச்சவரம்பு 500. கடலூர் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளும் ஒரே பகுப்பில் இருந்தால் இரண்டு அழைப்புகள் தேவை. முதல் பதிலோடு வரும் தொடர்ச்சிக் குறியைத் திருப்பி அனுப்பினால், சர்வர் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதுவே நம்பகமான வழி. ‘முதல் 500ஐத் தாண்டிக் கொடு’ என்று எண்ணிக்கையால் கேட்கும் ஏபிஐகளில், இடையில் பட்டியலின் முன்பகுதியில் சிதம்பரம் வட்டத்து ஊர் ஒன்று சேர்ந்தால் 500ஆம் பெயர் மறுபடி வரும். ஒன்று நீங்கினாலோ, இன்னொரு ஊர் சத்தமில்லாமல் விடுபடும். இரண்டாவதுதான் கொடுமை: தொகுப்பவருக்கு அது தெரியவே தெரியாது.