காலற்ற பல்லிகள்: உடலும் வாழிடமும் இரையும்

காலற்ற பல்லிகள் ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த ஒரு குலம் அல்ல. செதிலுடைய ஊர்வனவற்றில் கால்கள் சிறுத்து மறைந்து, உடல் நீண்டு பாம்புருக் கொண்ட மாற்றம் குறைந்தது 25 முறை தனித்தனியே நிகழ்ந்திருப்பதை மரபுவழி ஆய்வுகள் காட்டுகின்றன. பாம்புகள் அவற்றுள் ஒரு கிளை; மற்றவை பல்லிகளாகவே நின்றுவிட்டன. ஐரோப்பியப் புல்வெளிகளில் வாழும் அங்குயிஸ், கலிபோர்னிய மணல்மேடுகளின் அன்னியெல்லா, ஆஸ்திரேலியாவின் பைகோபாட் குடும்பம், தென்னாப்பிரிக்காவின் அகான்டியாஸ், ஒடிசாவின் பர்குடியா, இலங்கையின் நெஸ்ஸியா ஆகியவை உருவில் ஒத்திருந்தாலும் உறவில் வெகுதூரம் விலகியவை. பைகோபாட்கள் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு நெருங்கியவை. அகான்டியாஸ், பர்குடியா, நெஸ்ஸியா மூன்றும் அரணைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

1758இல் லின்னேயஸ் அங்குயிஸைப் பாம்புகளோடு சேர்த்தே வகைப்படுத்தினார். பிற்கால உயிரியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்து, பாம்பையும் காலற்ற பல்லியையும் வேறுபடுத்த மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்: பல்லிக்கு அசையும் கண்ணிமை உண்டு, வெளிச் செவித்துளை உண்டு, வால் உடைந்து மீண்டும் வளரும். பாடநூல்கள் இன்றும் இவற்றையே தருகின்றன. அங்குயிஸுக்கு இமையும் வாலும் பொருந்தும். பிற குலங்களில் ஒவ்வொன்றாகத் தவறுகின்றன. பைகோபாட்களுக்கு இமையே இல்லை. பாம்பைப் போல ஒளிபுகும் செதில் கண்ணை மூடியிருக்க, அதை அவை நாவால் நக்கித் தூய்மை செய்கின்றன. அன்னியெல்லாவுக்கு இமை உண்டு, செவித்துளை இல்லை. பைகோபாட்களுள் அப்ராசியா பேரினத்தின் பெரும்பாலான சிற்றினங்களில் இமை, செவித்துளை இரண்டுமே இல்லை. வாலை இழக்கும் வழக்கம் சில பாம்புகளிடமும் காணப்படுகிறது, ஆனால் அவற்றுக்கு அது மீண்டும் வளர்வதில்லை. ஆகவே இந்த அடையாளங்கள் வாழும் இடத்தைப் பொறுத்து வருவதும் போவதுமாக இருக்கின்றன. காலற்ற ஓர் ஊர்வனவின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதன் தாடையே என்பதும், உடலின் அளவுவிகிதம் வாழிடத்தின் விளைவு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வாழிடத்தை முதலில் பார்க்கலாம். காலற்ற பல்லிகள் இரண்டு உருவங்களில் அடங்குகின்றன. மண்ணுக்குள் வாழ்பவற்றுக்கு வால் குட்டை, கண் சிறிது, மூக்கு மழுங்கி உறுதியாக இருக்கும், செதில்கள் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும். நிலத்தின் மேல், புல்லுக்கும் புதருக்கும் இடையே வாழ்பவற்றுக்கு வால் மிக நீளம். கண்ணாடிப் பல்லிகள் எனப்படும் ஒஃபிசாரஸ், டோபேசியா இனங்களில் மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாலாகவே அமைகிறது. இந்த வேறுபாட்டின் காரணம் எளிமையானது. புல்வெளியில் நெளிந்து செல்லும் உடல் பக்கவாட்டில் பல தண்டுகளை ஒரே நேரத்தில் உந்த வேண்டும். நீளம் கூடக் கூட ஊன்றுமிடங்கள் கூடுகின்றன. அதோடு, உடலின் பெரும்பகுதி உதிர்க்கக்கூடிய வாலாக இருந்தால் பருந்தோ நரியோ பற்றும்போது உயிருறுப்புகள் தப்புகின்றன. மண்ணைத் துளைத்துச் செல்லும் உயிருக்கோ முன்னே தள்ளும் விசை தலையில் குவிய வேண்டும். நீண்ட வால் அங்கே பின்னால் இழுபடும் சுமை.

கண்ணாடிப் பல்லிகளின் செதில்களுக்கு அடியில் எலும்புத் தகடுகள் உள்ளன. உடல் கவசம்போல் இறுகியிருப்பதால் பாம்பின் நெகிழ்ச்சி இவற்றுக்கு இல்லை. மூச்சு இழுக்கவும், இரையையும் முட்டைகளையும் தாங்கவும் இடம் தரும்படி உடலின் இருபுறமும் நீளவாக்கில் ஒரு தோல்மடிப்பு ஓடுகிறது. பால்கன் பகுதியிலிருந்து மத்திய ஆசியாவரை பரவியுள்ள சூடோபஸ் ஏபோடஸ் இவ்வகையில் பெரியது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். கழிவாயின் அருகே பின்னங்கால்களின் சிறு எச்சம் அதற்கு இன்றும் இருக்கிறது. இந்தியாவில் வடகிழக்கு மலைகளிலும் டார்ஜிலிங் பகுதியிலும் டோபேசியா கிராசிலிஸ் வாழ்கிறது.

கால் மறைவது மண்ணுக்குள் நுழைந்ததன் நேரடி விளைவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். மேற்பரப்பில் வாழும் நீள்வால் இனங்களும் கால்களை இழந்திருக்கின்றன. அவற்றுக்கும் மண்வாழ் இனங்களுக்கும் பொதுவானது உடல் நீட்சி. உடல் நீண்டு நெளிவே முதன்மை இயக்கமாகும்போது கால்கள் இடறாகின்றன. விரல்கள் குறைந்து, பிறகு கால்களும் மறைகின்றன. இந்தப் படிநிலைகளை ஒரே பேரினத்துக்குள் காண இலங்கை சிறந்த இடம். அந்நாட்டுக்கே உரிய நெஸ்ஸியா அரணைகளில் பர்டோனியைக்கு ஒவ்வொரு காலிலும் மூன்று விரல்கள், டைடாக்டைலாவுக்கு இரண்டு. மோனோடாக்டைலாவின் கால்கள் விரல் பிரியாத சிறு முளைகள். லேயார்டி, ஹிக்கனாலா இரண்டுக்கும் கால்களே இல்லை. எல்லாமே இலைச்சருகின் கீழும், மக்கிய மரத்தடியிலும், தளர்ந்த மண்ணிலும் வாழ்பவை. ஆஸ்திரேலியாவின் லெரிஸ்டா பேரினம் இன்னும் விரிந்த சான்று. ஐந்து விரல் முதல் முற்றிலும் காலற்ற நிலை வரை அதில் உண்டு. 2008இல் வெளியான மரபியல் ஆய்வு, ஐவிரல் நிலையிலிருந்து காலற்ற நிலைக்கு வர 40 லட்சம் ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை என்று கணித்தது. பரிணாமக் கணக்கில் இது மிகக் குறுகிய காலம்.

கால்களின் கதை இவ்வளவு எளிதாகத் திரும்பத் திரும்ப நிகழக்கூடியதென்றால், காலற்ற பல்லிகள் எல்லாம் பாம்புகளைப் போல ஏன் பெருகவில்லை என்ற கேள்வி எழுகிறது. விடை உணவில் இருக்கிறது. பல்லியின் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்முனையில் உறுதியாக இணைந்தவை. பெரும்பாலான பாம்புகளில் அவை தனித்தனியே விலகக்கூடியவை; மேல்தாடை எலும்புகளும் தளர்வானவை. தன் தலையைவிடப் பெரிய இரையைப் பாம்பு விழுங்கிவிட்டு வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். பல்லி சிறிய இரையை அடிக்கடி தேடியாக வேண்டும்.

அதனால் காலற்ற பல்லிகளின் உணவுப் பட்டியல் மெல்லுடலிகளும் பூச்சிகளும் நிரம்பியது. அங்குயிஸ் ஓடில்லா நத்தைகளையும் மண்புழுக்களையும் தின்கிறது. பின்னோக்கி வளைந்த அதன் பற்கள் வழுக்கும் இரையைப் பிடிக்க ஏற்றவை. சூடோபஸின் பற்கள் மழுங்கித் தடித்தவை. அது நத்தை ஓட்டை நொறுக்கும். அன்னியெல்லா ஈர மணலின் மேலடுக்கில், புதர்ச் சருகுக்குக் கீழே, பூச்சிப் புழுக்களையும் கறையான்களையும் சிலந்திகளையும் உண்கிறது. கலஹாரி மணலில் வாழும் அகான்டியாஸ் இனங்களின் முக்கிய உணவு கறையான். அப்ராசியா எறும்புப் புற்றுக்குள்ளேயே இருந்து எறும்பின் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் தின்று வாழ்கிறது.

அப்ராசியாவின் இந்த உணவு நம் ஊர்ப் பூந்தொட்டிகளில் காணப்படும் புழுப்பாம்பின் உணவும்கூட. இந்த ஒற்றுமை வாதத்துக்கு முக்கியமானது. புழுப்பாம்பு ஐயமற்ற பாம்பு. ஆனால் அதன் வாய் சிறியது, பெரிய இரையை விழுங்காது. வயிற்றில் அகன்ற செதில்களும் இல்லை, வால் மிகக் குட்டை. பெரும்பாம்புகளின் தாடை இல்லாத பாம்பு, மண்வாழ் காலற்ற பல்லியின் வாழ்க்கையைத்தான் வாழ்கிறது.

எதிர்ப்பக்கச் சோதனையும் இயற்கையில் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும் லியாலிஸ் பர்டோனிஸ் முற்றிலும் பல்லி. ஆனால் அதன் முகம் ஒடுங்கி நீண்டது. மண்டையோட்டில் கண்களின் அருகே குறுக்கே ஓடும் அசையும் மூட்டு மேல்தாடையைக் கீழ்நோக்கி வளைய விடுகிறது. பற்கள் கீல்போல் உள்நோக்கிச் சாய்ந்து, இரை வெளியே நழுவ முயன்றால் நிமிர்ந்து தடுக்கின்றன. இவ்வாறு தாடைகள் இரையின் உடலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கின்றன. அதன் உணவு பெரும்பாலும் அரணைகள். புல்லுக்கடியில் அசையாமல் பதுங்கி, சில வேளைகளில் வால்நுனியை ஆட்டி இரையைக் கவர்ந்து, நெஞ்சுப் பகுதியைக் கவ்வி அழுத்தி, இரை துவண்ட பின் தலை முதலாக விழுங்குகிறது. பாம்பைப் போலவே பதுங்கி வேட்டையாடுகிறது, பெரிதாகத் தின்கிறது, அரிதாகத் தின்கிறது. பரப்பிலும் அது பைகோபாட்களில் முன்னிற்கிறது. பாலைவனம் முதல் ஈரக் காடு வரை ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் வாழ்கிறது. தாடை மாறியதும் வாழிடத்தின் எல்லையும் விரிந்தது என்று கொள்ள இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

சிறு வாய், சிறு இரை, குறிப்பிட்ட மண் என்ற கட்டுப்பாடு காலற்ற பல்லிகளை ஓரிடத்தில் கட்டிப்போடுகிறது. அவை தொலைவு செல்வதில்லை. குறுகிய நிலப்பரப்புகளில் தனி இனங்களாகப் பிரிகின்றன. 2013இல் கலிபோர்னியாவில் அன்னியெல்லாவின் நான்கு புதிய இனங்கள் ஒரே நேரத்தில் விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தை ஒட்டிய மணல்மேடுகளில் வாழ்வது. பர்குடியா இன்சுலாரிஸ் 1917இல் சில்கா ஏரியின் பர்குடா தீவிலிருந்து நெல்சன் அன்னண்டேலால் விவரிக்கப்பட்டது. அதன் பின் மிக அரிதாகவே கண்ணில் பட்டிருக்கிறது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் டெல்மா இம்பார் இயற்கைப் புல்வெளியின் புற்குத்துகளிலும் மண்வெடிப்புகளிலும் தங்கி, சிலந்திகளையும் சிள்வண்டுகளையும் தின்று வாழ்வது. அந்தப் புல்வெளிகளின் பெரும்பகுதி உழவுக்கும் நகர விரிவுக்கும் போய்விட்டது. எஞ்சிய துண்டுநிலங்களை உழாமல், கற்களை அகற்றாமல் விடுவதே அதற்கான முதல் பாதுகாப்பு. எறும்புப் புற்றுகளின் மேல் கிடக்கும் கற்களுக்கடியில் வாழும் அப்ராசியாவுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.