வடிகட்டி சொல்லும் நோய்க்கிருமி வரலாறு

நீரைத் துணியால் வடிகட்டிய பின்னரே அருந்துதல் சமண இல்லறத்தாரின் தொன்றுதொட்டு வரும் ஒழுக்கமாகும். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்க்கும் நம்மால் ஊறு நேரக்கூடாது என்னும் அருள் உள்ளமே அவ்வொழுக்கத்தின் வேர். ஆயினும் இந்நாளில், “நம் முன்னோர் நோய்க்கிருமிகளை அன்றே அறிந்திருந்தனர், அதனால்தான் நீரை வடிகட்டினர்” என்று சிலர் பெருமிதத்தோடு கூறக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆனால், உயிர்க்கு இரங்குவது வேறு. நோய்க்குக் காரணம் காண்பது வேறு. பின்னது பல நாட்டு அறிஞர் பல தலைமுறை உழைத்துக் கண்ட அறிவு. வியப்பு என்னவெனில், அந்த அறிவின் வளர்ச்சியிலும் வடிகட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. வடிகட்டி எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்று கவனித்தே தொற்றுநோயின் இயல்பை மனிதன் படிப்படியாக உணர்ந்தான்.

கண்ணுக்குப் புலனான சிற்றுலகு

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்தவர் லேவன்ஹூக். பல்கலைக்கழகம் எதிலும் பயிலாதவர். தம் கையாலேயே சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, பொருள்களை இருநூறு மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிகளைச் செய்தார். 1674ஆம் ஆண்டு ஏரி நீர்த்துளி ஒன்றில் நுண்ணிய உயிர்கள் நீந்தித் திரியக் கண்டார். மிளகின் காரத்திற்குக் காரணம் அறியும் ஆவலால் மிளகை நீரில் ஊறவைத்து நோக்கியபோது, அவற்றினும் சிறிய உயிர்கள் புலப்பட்டன. 1676ஆம் ஆண்டு இதனை இலண்டன் இராயல் கழகத்திற்கு எழுதினார். முதலில் ஐயுற்ற கழகத்தார், அடுத்த ஆண்டு இராபர்ட் ஹூக் தாமே கண்டு உறுதி செய்த பின்னரே ஏற்றனர்.

நுண்ணுயிர் உண்டு என்பது இவ்வாறு கண்கூடாயிற்று. ஆயினும் அவற்றுள் சில நோய் விளைப்பன என்பது நிலைபெற ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. நோய் என்பது அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றால் வருவது என்றே மருத்துவருட் பெரும்பாலோர் அதுகாறும் நம்பினர்.

அடிகுழாய் அளித்த சான்று

வாந்திபேதி எனப்படும் காலரா அந்நம்பிக்கையை அசைத்தது. 1854ஆம் ஆண்டு இலண்டனின் பிராட் தெருவைச் சுற்றிப் பத்தே நாளில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தோர் எந்நீரை அருந்தினர் என்று வீடு வீடாகச் சென்று வினவினார். பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் நீரை அருந்தியவர். அருகிலிருந்த மதுவாலைத் தொழிலாளரோ அந்நீரை அருந்தாதவர். அவர்களை நோய் பெரிதும் அணுகவில்லை. ஸ்னோவின் வேண்டுகோளின்படி செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவர் கருத்தை மறுக்கும் நோக்கோடு ஆய்வில் இறங்கிய ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் பாதிரியாரே, நோயுற்ற குழந்தை ஒன்றின் துணிகளைக் கழுவிய நீர் கிணற்றை ஒட்டிய கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைப் பின்னர்க் கண்டறிந்து, ஸ்னோவின் பக்கம் சேர்ந்தார். மாற்றுக் கருத்துடையாரையும் தன் பக்கம் ஈர்ப்பதே நல்ல சான்றின் வலிமை.

நோய் பரவும் வழியை ஸ்னோ காட்டினார். நோய் விளைக்கும் உயிரை அவர் காணவில்லை. அதே 1854இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஃபிலிப்போ பாச்சினி அதனை உருப்பெருக்கியில் கண்டு எழுதினார், உலகம் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் எகிப்திலும், பின்னர்க் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, காற்புள்ளி போல் வளைந்த அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். கல்கத்தாவில் மக்கள் பருகவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதனைக் கண்டார். காக்குக்கு முன்னரே அந்த எகிப்தில் ஆராய வந்த பிரெஞ்சுக் குழுவில், பாஸ்டரின் இளம் சீடர் லூயி துயிலியே காலராவுக்கே 1883இல் பலியானார். இன்று நாம் எளிதாகப் படிக்கும் பாடங்களுக்கு இத்தகையோர் தந்த விலை பெரிது.

மணல் வடித்த நகரம்

1892ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அந்நகரத்தார் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குழாய்களில் விட்டனர். அதனை ஒட்டிய அல்டோனா நகரோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ளது. ஹாம்பர்க்கின் கழிவு கலந்த நீரையே அது எடுத்தது. ஆயினும் அந்நீரை மணற்படுகையில் வடித்து வழங்கியமையால் பெரிதும் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக ஓடிய தெருவில் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் நலம். மண் ஒன்று, காற்று ஒன்று. நீர் மட்டுமே வேறு. கெட்ட காற்றுக் கொள்கை இதனால் பெரிதும் தளர்ந்தது.

அவ்வாண்டே அக்கொள்கையின் சார்பாளரான மாக்ஸ் பெட்டன்கோஃபர் காலராக் கிருமி அடங்கிய திரவத்தைத் தாமே பருகினார். சிறு வயிற்றுப்போக்குடன் பிழைத்துக்கொண்டார். இதனால் கிருமிக் கொள்கை பொய்யாகிவிடவில்லை. உட்புகும் கிருமியின் அளவு, உடலின் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றைப் பொறுத்தே நோயின் கடுமை அமையும் என்னும் அடிப்படை உண்மையே இதனால் விளங்குகிறது.

மணற்படுகையின் செயலிலும் ஒரு நுட்பம் உண்டு. மணலின் இடைவெளிகள் கிருமியினும் பெரியவை. நாளடைவில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களால் ஆன வழவழப்பான படலம் படிகிறது. நோய்க்கிருமிகளைப் பிடித்து அழிப்பதில் பெரும்பங்கு அப்படலத்துக்கே உரியது. நுண்ணுயிர் அனைத்தும் பகையல்ல. நோய் விளைப்பன மிகச் சிலவே. நம் சென்னையிலும் 1914இல் கீழ்ப்பாக்கத்தில் இத்தகைய மணற்படுகைகள் அமைந்த பின்னரே, வடித்த நீர் குழாய் வழியே மக்களுக்குக் கிடைத்தது.

வடிகட்டியைக் கடந்தவை

1884இல் பாஸ்டரின் உதவியாளர் ஷாம்பர்லான் மெருகிடாத பீங்கானால் ஒரு வடிகட்டி செய்தார். பாக்டீரியாக்களையும் அது தடுத்தது. புகையிலைத் தேமல் நோய் கண்ட இலையின் சாற்றை 1892இல் ரஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி அதில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது! 1898இல் பெயரிங்க் என்பவர், இது பாக்டீரியா அன்று, உயிருள்ள செல்லினுள் மட்டுமே பெருகும் வேறொரு பொருள் என்று துணிந்து, அதற்கு வைரஸ் எனப் பெயரிட்டார். அவர் பணியாற்றிய ஊர், லேவன்ஹூக் வாழ்ந்த அதே டெல்ஃப்ட். அம்மையும் போலியோவும் அண்மையில் உலகை வருத்திய கொரோனாவும் இவ்வகையினவே.

வடிகட்டி தந்த மற்றொரு பாடம் நம் நாட்டில் விளைந்தது. கல்கத்தா மருத்துவ அறிஞர் சம்புநாத் தே, காலராக் கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை முற்றிலும் வடித்து நீக்கினார். எஞ்சிய திரவமே குடலிலிருந்து நீரைப் பெருக்கெடுக்கச் செய்வதை 1959இல் நிறுவினார். கிருமி வெளியிடும் நஞ்சே நோய்க்குக் காரணம். உயிரைப் பறிப்பது நீரிழப்பு. அவ்வாறாயின், இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்தால் உயிர் பிழைக்கும். 1971இல் வங்க எல்லையில் பன்காவ் ஏதிலியர் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காடு அளவிலிருந்த இறப்பு, நான்கு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது.

துணியின் வெற்றியும் எல்லையும்

இனி, நம் துணிக்கு வருவோம். நரம்புச் சிலந்தி என்னும் கொடுநோயை முதியோர் அறிவர். ஒரு மீட்டர் வரை நீளும் புழு காலைத் துளைத்து வெளிவரும். அதன் குஞ்சுகளைச் சுமப்பது, நீரில் வாழும் சைக்ளோப்ஸ் என்னும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சிற்றுயிர். இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. படிக்கிணறுகளை மாற்றியமைத்தும், நீரைத் துணியால் வடிகட்டச் செய்தும் இந்தியா அதனை ஒழித்தது. 1996இல் இராஜஸ்தானில் கண்டதே இந்நாட்டின் கடைசி நோயாளி. 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்தியா இந்நோய் நீங்கிய நாடு எனச் சான்றளித்தது.

காலராவிலும் துணி உதவியது. அக்கிருமிகளுட் பல, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களின் உடலில் ஒட்டி வாழ்வன. அமெரிக்க அறிஞர் ரீட்டா கால்வெல் குழுவினர், வங்காள தேசத்தின் மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டனர். பழைய சேலையை எட்டு அடுக்காக மடித்து வடித்த நீரைப் பருகியோரிடையே காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பலமுறை துவைத்த துணியின் இழைகள் நைந்து விரிந்து துளைகள் சிறுத்துவிடுவதால் புதுச்சேலையினும் பழஞ்சேலையே சிறந்ததாயிற்று.

பாதி குறைந்தது என்பதை எண்ணி மகிழலாம். பாதி எஞ்சியது என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், எட்டாக மடித்த சேலையின் துளை ஏறத்தாழ இருபது கூறு. தனித்துத் திரியும் காலராக் கிருமியின் நீளமோ இரண்டு, மூன்று கூறே. மஞ்சட்காமாலை வைரஸ் அதனினும் பன்மடங்கு சிறிது. துணி அவற்றைத் தடுக்க இயலாது. துணியில் வடித்த நீரைக் கொதிக்கவிட்டு ஆற்றிப் பருகுவதே நோயினின்று காக்கும். நம் துறவியர் காய்ச்சி ஆறிய நீரையே ஏற்கும் மரபு இல்லறத்தார்க்கும் நல்ல வழிகாட்டியாகும். வடிகட்டும் துணியை நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துதலும், நீர்க்குடத்தை மூடி வைத்தலும், உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதலும் அதனோடு சேர வேண்டும்.

நம் முன்னோர் கிருமியை அறிந்திருந்தனர் என்று சொல்லித்தான் அவர்களைப் பெருமைப்படுத்த வேண்டும் என்பதில்லை. காணாத உயிர்க்கும் இரங்கினர் என்பதே அவர்தம் பெருமை. பிள்ளைகள் “ஏன் வடிகட்ட வேண்டும்?” என்று வினவும்போது அருளையும் அறிவியலையும் ஒன்றோடொன்று குழப்பாமல், இரண்டையும் உள்ளவாறே எடுத்துரைப்போம். அங்ஙனம் உரைத்தால், வடிகட்டிய நீரைக் காய்ச்சவும் அவர்கள் மறவார். வடிகட்டும் வழக்கத்தைக் கைவிடவும் மாட்டார்.