கோயம்பேட்டில் பிறந்ததா, கோயம்பேட்டிலிருந்து வந்ததா?

2020 மே 4. அன்று தமிழ்நாட்டில் புதிதாகத் தொற்று உறுதியானவர்கள் 527 பேர். அதில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122. கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர்கள், கடைகளில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். மறுநாள் சந்தையை மூடினார்கள்.

கடலூர், சிதம்பரம் பக்கம் அப்போது ஒரே பேச்சுதான்: "இந்த நோயே கோயம்பேட்டுல இருந்துதான் வந்துச்சு." பிழைக்கப் போய்த் திரும்பிய கூலியாளைக் குற்றவாளி மாதிரி பார்த்தார்கள்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. இந்த ஆட்களுக்குச் சந்தையில்தான் தொற்றியது என்பது ஒன்று. அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மாவட்டத்தில் அந்த வார எண்ணிக்கை ஏறியது அவர்களால்தான் என்பது இன்னொன்று. பெரும்பாலும் சரி. ஆனால் திரும்பியவர்களைத் தேடிப்பிடித்துத்தான் பரிசோதனை செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். தேடின இடத்தில்தான் கிடைக்கும். தேடாத தெருவில் எத்தனை பேருக்கு இருந்தது என்று அந்த எண் சொல்லாது. மூன்றாவது, நோய் அங்கேதான் கிளம்பியது என்பது. இது தவறு. தமிழ்நாட்டின் முதல் தொற்று மார்ச் 7-லேயே, ஓமனிலிருந்து வந்த ஒருவருக்கு உறுதியாகியிருந்தது.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், வூஹானிலும் சிக்கல் இதேதான். அங்கேயும் ஒரு சந்தை. 2019 டிசம்பரில் தெரியவந்த நோயாளிகளில் பலர் ஹுவானன் சந்தையோடு தொடர்புள்ளவர்கள். சந்தையை வைத்தே தேடினால் சந்தைக்காரர்கள்தானே கிடைப்பார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. நியாயமான கேள்வி. மைக்கேல் வொரோபியும் கூட்டாளிகளும் 2022-ல் சயின்ஸ் இதழில் அதற்குப் பதில் தேடினார்கள். சந்தையோடு எந்தத் தொடர்பும் தெரியாத நோயாளிகளின் வீடுகள்கூட சந்தையைச் சுற்றியே நெருங்கிக் கிடந்தன. அப்படியும் அவர்கள் கட்டுரைத் தலைப்பில் போட்ட சொல் "தொடக்ககால மையம்". பிறப்பிடம் என்று போடவில்லை. வைரஸ் எந்த விலங்கிலிருந்து, எப்படி அந்தச் சந்தைக்கு வந்தது என்பது தனிக் கேள்வி. 2020 ஜனவரி 1-ல் சந்தை மூடப்பட்டபோது அங்கே விற்ற காட்டு விலங்குகளிடம் மாதிரி எடுத்திருந்தால் இன்றைக்குப் பாதிச் சண்டை இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும். அந்த மாதிரிகள் இல்லை. வௌவால்களில் கிடைத்த உறவுக்கார வைரஸ்கள் சுமார் 96, 97 விழுக்காடு ஒத்துப்போகின்றன. கேட்க நெருக்கமாக இருக்கும். உண்மையில் அது பல பத்தாண்டு இடைவெளி.

உலக சுகாதார நிறுவனம் கூட்டிய குழுவின் 2021 அறிக்கை "வாய்ப்பு உண்டு", "வாய்ப்பு அதிகம்" என்று படிப்படியாகத் தரம் பிரித்தது. ஆய்வகத்திலிருந்து கசிந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றது. அறிக்கை வெளியான அன்றே நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், எந்தக் கருதுகோளையும் இன்னும் ஒதுக்கிவிடவில்லை என்றார். மழுப்பல் என்று பலர் சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க சிஐஏ ஆய்வகப் பக்கம் சாய்ந்தபோதும் "குறைந்த உறுதியுடன்" என்றுதான் சொன்னது. அந்த இரண்டு சொல்லை எத்தனை தலைப்புச் செய்தியில் பார்த்தீர்கள்? அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வேறு வாக்கியம்.

பெயர் வைப்பதிலும் இதே கதைதான். 1918 காய்ச்சலுக்கு ஸ்பெயின் பெயர் ஒட்டியது, போரில் சேராத அந்த நாட்டுப் பத்திரிகைகள் தணிக்கையில்லாமல் எழுதியதால். அதே காய்ச்சல் இங்கே பம்பாய்க் காய்ச்சல் ஆனது. முதலில் வாய் திறந்த ஊருக்கும் முதலில் வந்திறங்கிய துறைமுகத்துக்கும் பழி.

2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு கடைசியாகச் சொன்னது: கையிலுள்ள சான்றுகளின் எடை விலங்கிலிருந்து தாவியது என்ற பக்கம்தான், ஆய்வகக் கருதுகோளை ஆராயவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை, ஏனெனில் கேட்ட தகவல்கள் தரப்படவில்லை. தொடக்ககால நோயாளிகளின் நூற்றுக்கணக்கான மரபணு வரிசைகளைச் சீனாவிடம் கேட்டிருந்தார்கள். அவை இன்னும் வரவில்லை.