மன்னர் பள்ளத்தாக்கில் கொற்றன்

அழகன்குளத்துப் பானை ஓடுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். ராமேஸ்வரம் சாலைக்கு வடக்கே, வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அழகன்குளம். ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் காசுகளும் அங்கே மண்ணுக்குள்ளிருந்து வந்தன. ரோமானியரின் சரக்கு நம் கரைக்கு வந்தது உறுதி. நம் ஆட்கள் அவர்கள் நாட்டுக்குப் போனார்களா?

போனார்கள். அன்று ரோமானியர் ஆட்சியில் இருந்த எகிப்து வரை போய்ச் சுற்றியும் பார்த்தார்கள்.

எகிப்து என்றதும் நினைவுக்கு வருவது கீசாவின் பெரிய பிரமிடு. குஃபு மன்னனுக்காக கி.மு. 2560 வாக்கில் எழுந்தது. அன்றைய உயரம் 146 மீட்டர். ராமேஸ்வரம் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆனால் அவ்வளவு பெரிய கல்லறை கொள்ளையர் கண்ணுக்குத் தப்புமா? கி.மு. 1500 வாக்கில் மன்னர்கள் வழியை மாற்றினார்கள். இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மலையைக் குடைந்து கல்லறைகளை மறைத்தார்கள். அதுதான் மன்னர் பள்ளத்தாக்கு. அதன் தலைமாட்டில் நிற்கும் அல்-குர்ன் குன்று இயற்கையாகவே பிரமிடு வடிவம் கொண்டது.

ரோமானியர் காலத்தில் அந்தக் கல்லறைகளில் பல திறந்து கிடந்தன. வந்தவர்கள் சுவரில் பெயரைக் கீறிவிட்டுப் போனார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்க, லத்தீன் கீறல்களைப் பிரெஞ்சு அறிஞர் ஜூல் பாயே 1920களில் தொகுத்து வெளியிட்டார். அவற்றுக்கிடையே இந்திய எழுத்துகளும் இருப்பதை ஷார்லோட் ஷ்மித், இங்கோ ஸ்ட்ராவுக் ஆகிய இரு ஆய்வாளர்கள் அண்மையில் அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ 30 கீறல்கள். தமிழ், பிராகிருதம், சமஸ்கிருதம். காலம் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகள். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: சிகை கொற்றன். ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் எழுதியிருக்கிறார்!

கொற்றன் அந்த மலைக்குள் எப்படி வந்து சேர்ந்தார்? மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றைப் பிடித்து நம் நாட்டிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் செங்கடலின் பெரனிகே துறைமுகத்தை அடையும். அங்கிருந்து நைல் கரையிலுள்ள கொப்டோஸ் வரை பாலைவனத்தில் 12 நாள் ஒட்டகப் பயணம் என்று எழுதுகிறார் ரோமானிய அறிஞர் பிளினி. கொப்டோஸில் சரக்கைப் படகில் ஏற்றினால் அது வடக்கே அலெக்சாந்திரியாவுக்குப் போகும். கல்லறைகள் இருப்பதோ தெற்கே, ஆற்றை எதிர்த்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி.

வியாபார வழி அதுவல்ல. பார்க்கவென்றே மெனக்கெட்டுப் போனால்தான் உண்டு. அவகாசமும் இருந்தது. தென்மேற்குக் காற்று எழுந்து, ஆடி மாதம் கப்பல் திரும்பக் கிளம்பும்வரை வணிகர்கள் அங்கே காத்திருக்க வேண்டும்.

பண்டைத் தமிழரை மிளகு மூட்டையாலும் முத்துக் குவியலாலுமே அளந்து பழகிவிட்டோம். வேற்று நாட்டு மன்னர்களின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு மனிதரை இந்தச் சுவர்கள் காட்டுகின்றன. கல்லறை கல்லறையாக ஏறி இறங்கித் தன் மொழியில் பெயர் எழுதியவர் அவர். வரலாற்றில் நமக்குக் கிடைத்த பெரிய செல்வம் இது.

லக்சர் போகிறவர்கள் குளிர்காலத்தில் போவது நல்லது; வெயில் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு கொதிக்கும். ஓவியங்களோடு சுவரின் கீறல்களையும் பாருங்கள். தொடாதீர்கள், இன்று அங்கே பெயர் கீறுவது குற்றம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு இந்தக் கரையிலேயே வேலை இருக்கிறது. வீட்டுக்கு வானம் தோண்டும்போது கோடோ எழுத்தோ கீறிய ஓடு தட்டுப்பட்டால் குப்பையில் கொட்டாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துவைத்து, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கொற்றனைப் போன்றவர்கள் புறப்பட்ட துறைகளை நாம் அறிய அப்படியொரு ஓடும் உதவும்.

அடுத்த வாரம்: பெரனிகே கோயிலில் ஒரு சாடி நிறைய மிளகு

(தொடரும்)