ஹேய்ஸ் மார்ட்டினும் ஒரு நரம்பும்

கழுத்தில் பரவிய புற்றுநோயை, நிணநீர்க் கணுக்கள், தசை, இரத்தக்குழாய் யாவற்றோடும் ஒரே தொகுதியாக அகற்றும் சிகிச்சையை 1906-ல் அமெரிக்கரான ஜார்ஜ் கிரைல் வெளியிட்டார். அதனை நிலைநாட்டியவர் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ரண சிகிச்சை நிபுணர் ஹேய்ஸ் மார்ட்டின். 1951-ல் 1,450 சிகிச்சைகளை ஆராய்ந்து அவர் தம் சகாக்களுடன் எழுதிய கட்டுரை நெடுங்காலம் வேதவாக்காக விளங்கிற்று. தோளை உயர்த்தும் நரம்பையும் விட்டுவைக்கலாகாது என்றார். உயிர் பிழைத்தவரோ தலைவாரக் கைதூக்க இயலாது தவித்தார்! மார்ட்டினை நாம் கல்நெஞ்சர் என்று சொல்லோம். துளி எஞ்சினும் நோய் மீளுமே என்னும் அச்சம் அவருக்கு. நரம்பைக் காத்து, கணுக்களை அவற்றின் உறையோடு எடுக்கும் வழியை 1963-ல் அர்ஜென்டினாவின் ஆஸ்வால்டோ சுவாரஸ் ஸ்பானிய மொழியில் எழுதினார். படித்தோர் சிலரே. இத்தாலியரான எத்தோரே போக்கா 1967-ல் ஆங்கிலத்தில் விளக்கிய பின்னரே அது பரவலாயிற்று. 1977-ல் மார்ட்டின் மறையுமுன்பே இம்மாற்றம் தொடங்கிவிட்டது.